பாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பாய்மரப் பயணம்

வளிமண்டலம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மழைக்கு வேண்டிய நீரெல்லாம் கடலிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் கடற்கரையை ஒட்டியே பாலைவனம் இருக்க முடியுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விடையை உடனே சொல்லாமல், சுவரில் தொங்கிய உலகப் படத்தில் மெக்சிகோ நாட்டின் வடமேற்கு மூலையைத் தொட்டுக் காட்டினேன். அங்கே மெலிந்த நீண்ட தீபகற்பம் ஒன்று தெற்கு நோக்கித் தொங்குகிறது. அதன் பெயர் பாகா கலிபோர்னியா. அதற்கும் மெக்சிகோவின் பெருநிலத்துக்கும் இடையே சுமார் 1,100 கி.மீ. நீளமுள்ள ஒடுங்கிய கடல் இருக்கிறது. கலிபோர்னியா வளைகுடா என்று படத்தில் எழுதியிருக்கும். கோர்த்தேஸ் கடல் என்றும் சொல்வார்கள். அதன் இரு கரைகளிலும் பாலைவனம். நடுவிலோ, உலகின் மிக வளமான கடல்களுள் ஒன்று.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிறு குழுக்களாகப் பாய்மரப் படகில் ஏறி, ஒரு வாரம் பத்து நாள் இந்தக் கரையோரமாகவே சென்று, இரவில் மணற்கரைகளில் தங்கி, கடலையும் பாலையையும் ஒருசேரக் கற்றுத் திரும்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. நான் அங்கே சென்றதில்லை. ஆனால் விரலைப் படத்தின்மீது வைத்து என் மாணவர்களை ஒரு வகுப்பு நேரம் அந்தப் படகில் ஏற்றிச் சென்றேன். வாசகர்களும் வரலாம். மார்ச் மாதம் என்று வைத்துக்கொள்வோம். லொரேத்தோ என்ற சிற்றூரில் புறப்பட்டுத் தெற்கே சுமார் 230 கி.மீ. தொலைவிலுள்ள லா பாஸ் துறைமுகத்தில் இறங்குகிறோம்.

ஏற்றவேண்டிய முதற்பொருள்

பாயோ நங்கூரமோ அல்ல, குடிநீர். வழியில் ஆறு கிடையாது. ஊற்றுகளும் நம்பத்தக்கவை அல்ல. மாணவர் பதின்மர், ஆசிரியர் இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், 8 நாட்கள். கணக்குப் போட்டால் 384 லிட்டர், அதாவது 384 கிலோகிராம் எடை. இதைப் படகின் அடித்தட்டில் நடுவே வைத்துக் கட்டவேண்டும். ஒருபுறமாக வைத்தால் படகின் ஈர்ப்பு மையம் விலகிச் சாய்ந்துவிடும்.

சுற்றிலும் நீர் இருக்க, எதற்கு இந்தச் சுமை? கடல்நீரின் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு செறிவில் உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்தால் முடியாது. குடித்த நீரைவிட அதிக நீரைச் செலவிட்டுத்தான் அந்த உப்பைத் தள்ள முடியும். ஆகவே கடல்நீரைக் குடிப்பவர் குடிக்கக் குடிக்க வறண்டுபோகிறார். லொரேத்தோவுக்கு எதிரே உள்ள கார்மென் தீவில் ஒரு காயல் உண்டு. அதன் நீரை வெயிலே வற்றவைத்து உப்பாக்கிவிடும். பல காலம் அங்கே உப்பு அள்ளி விற்றார்கள். இன்று அந்த உப்புக்குடியிருப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது.

மழை ஏன் இல்லை?

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். மழை பெய்ய ஈரம் மட்டும் போதாது. ஈரமான காற்று மேலே ஏறவும் வேண்டும். ஏறினால் அழுத்தம் குறைந்து காற்று விரிவடையும், விரிவடைந்தால் குளிரும், குளிர்ந்தால் நீராவி துளியாகும். மேகம் பிறப்பது இப்படித்தான். பாகா கலிபோர்னியா வட அட்சம் 23 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையே உள்ளது. நிலநடுக்கோட்டருகே மேலே ஏறிய காற்று வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ இந்த அட்சங்களில்தான் கீழே இறங்குகிறது. இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கும்.

வகுப்பில் வெப்ப மாற்றீடற்ற நிகழ்ச்சி என்று படித்தோமே, அதுதான் இது. இறங்கும் உலர்காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. 3 கி.மீ. உயரத்தில் 0 டிகிரியில் நீராவி தெவிட்டிய நிலையில் இருக்கும் காற்று, கடல்மட்டத்துக்கு வரும்போது 30 டிகிரியை எட்டிவிடும். உள்ளே இருக்கும் நீராவி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் சூடான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு வீழ்கிறது. இந்தச் சூடான உலர்காற்று ஒரு மூடிபோலக் கடல்மீது கவிந்து நிற்கிறது. கடலிலிருந்து ஆவியாகும் ஈரம் இந்த மூடிக்குக் கீழேயே அடைபட்டுப்போகிறது. கரையில் நிற்பவருக்கு உடல் வியர்க்கும். வானத்தில் ஒரு மேகமும் இராது.

இதற்கு மேல் இரண்டு காரணங்கள் துணை நிற்கின்றன. தீபகற்பத்தின் மேற்கே, பசிபிக் பக்கத்தில், வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கலிபோர்னியா நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த கடலைத் தொட்ட காற்று கனமாகித் தாழ்ந்தே கிடக்கும். அது மூடுபனியாகிக் கரையை நனைக்குமே தவிர மழையாகாது. இரண்டாவது, தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் கொஞ்ச ஈரத்தையும் அது தடுத்துவிடுகிறது. வளைகுடாவின் வடமேற்குக் கரையில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 100 மி.மீ. மழை இல்லை.

எப்போதாவது மழை வந்தால் மொத்தமாக வரும். கோடையின் பிற்பகுதியில் பசிபிக்கிலிருந்து சூறாவளிகள் ஏறிவருவதுண்டு. 1976இல் லீசா என்ற சூறாவளியின் வெள்ளத்தில் லா பாஸ் நகருக்கு மேலே இருந்த மண்கரை உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பாலைவனத்தில் வெள்ளச்சாவு என்பது முரணாகத் தோன்றலாம். செடிகொடி வேர்பிடித்துத் தாங்காத மலைச்சரிவில் விழுந்த நீர், எங்கும் நில்லாமல் ஓடைகளில் இறங்கிவிடுகிறது. கூடாரத்தை வறண்ட ஓடைப்படுகையில் அடிக்கலாகாது என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது இதனால்தான்.

கரையில் இறங்கினால் கண்ணில் படுவது கார்தோன் என்ற தூண்கள்ளி. உலகின் மிக உயரமான கள்ளி இனங்களுள் ஒன்று. 15 மீட்டருக்கு மேலும் வளரும். தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள் உண்டு. மழை வந்தால் ஆர்மோனியத்தின் துருத்திபோல மடிப்பு விரிந்து நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். மற்றச் செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இது இரவில் திறக்கிறது. குளிர்ந்த இரவில் கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்தச் சேமிப்பை வைத்து உணவு சமைக்கிறது. அதன் வெண்மையான பூவும் மாலைக்குப் பிறகே மலர்கிறது. தேன் குடிக்க வருபவை வௌவால்கள். சாந்தா கத்தலினா என்ற தீவில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு இனம் இருக்கிறது. அதன் வாலில் கிலுகிலுப்பை மட்டும் இல்லை. தீவுகளில் தனித்து விடப்பட்ட உயிர்கள் இப்படித்தான் தம்வழியே போய்விடுகின்றன.

வாடைக் காற்றும் பாயும்

குளிர்காலத்திலும் இளவேனிலிலும் இந்தக் கடலின் அரசன் வடகாற்று. நம் மீனவர் வாடை என்பது போல அவர்கள் இதை நோர்த்தே என்கிறார்கள். வடக்கே அமெரிக்காவின் உள்நாட்டு மேட்டு நிலத்தில் குளிர்ந்த கனமான காற்று தேங்கி அழுத்தம் உயரும்போது, அது அழுத்தம் குறைந்த தெற்கு நோக்கிப் பாய்கிறது. இரு பக்கமும் மலைகள், நடுவில் கடல். குழாயில் ஊதியதுபோல நீளவாட்டில் காற்று ஓடுகிறது.

நாம் தெற்கே போவதால் காற்று நம் முதுகுக்குப் பின்னே. பயணம் சுகமாகத்தானே இருக்கும்? இங்கே ஒரு சூத்திரத்தை மறக்கலாகாது. பாயின்மீது காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசிய காற்று 40 கி.மீ. ஆனால் விசை இருமடங்கு அன்று, நான்கு மடங்கு. 60 ஆனால் ஒன்பது மடங்கு. ஆகவே காற்று எழும் முன்னரே பாயைச் சுருக்கிக் கட்டிப் பரப்பைக் குறைக்க வேண்டும். எழுந்த பின்னர் சுருக்க முயல்வது, மாடு மிரண்ட பிறகு மூக்கணாங்கயிறு தேடுவது போன்றது.

அலையின் உயரமோ காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. காற்று எவ்வளவு தூரம் தடையின்றி நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு வந்தது என்பதையும் பொறுத்தது. வளைகுடாவின் நீளமும் வடகாற்றின் திசையும் ஒரே கோட்டில் இருப்பதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் காற்று கடலைத் தள்ளிக்கொண்டே வருகிறது. அலைகள் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும். அனுபவமுள்ள தலைவர் அன்று படகை எடுக்கவே மாட்டார். தீவின் தென்பக்கத்தில் நங்கூரமிட்டு, இரண்டு நாளானாலும் காத்திருப்பார். மாணவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

வேனில் முதிர்ந்தபின் லா பாஸ் பக்கத்தில் இன்னொரு காற்று உண்டு. பெயர் கொரொமுவெல். மேற்கே பசிபிக் குளிர்ந்திருக்கிறது. கிழக்கே வளைகுடா கொதித்துக் கிடக்கிறது. லா பாஸ் அருகே மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடுவதால், மாலைக்குப் பின் பசிபிக்கின் குளிர்காற்று அந்த இடைவெளி வழியாக நகருக்குள் நுழைகிறது. ஊரார் இதை வாசலில் அமர்ந்து அனுபவிப்பார்கள். தென்மேற்கே திறந்த குடாவில் நங்கூரமிட்ட படகுக்காரர் இரவெல்லாம் தூங்கமாட்டார். குராம்வெல் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன் பெயரே இப்படித் திரிந்தது என்று ஊர்க்கதை சொல்லும். கதையைக் கதையாகவே விட்டுவிடலாம்.

இந்தக் காற்றுதான் சோறு போடுகிறது

பாலைக்கு நடுவே கடல் மட்டும் எப்படி இவ்வளவு வளமாயிற்று? அதற்கும் காற்றே காரணம். புவி சுழல்வதால் எழும் கோரியாலிஸ் விளைவால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் செல்கிறது. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வாடை வீசும்போது வலப்புறம் என்பது தென்மேற்கு. அதாவது பெருநிலக் கரையை விட்டு நீர் விலகுகிறது. விலகிய இடம் காலியாக இருக்குமா? ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து அதை நிரப்புகிறது. ஆழ்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி; மேலிருந்து செத்து விழுந்த உயிர்களெல்லாம் மட்கிச் சேர்ந்த உரம் அது. அந்த உரம் வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது இதே நிகழ்ச்சி, சற்று மெலிதாக, தீபகற்பத்தின் கரையில் நடக்கிறது.

மிதவைத் தாவரத்தைத் தின்னச் சின்னஞ்சிறு இறால் போன்ற உயிர்கள். அவற்றைத் தின்ன மத்தி மீன்கள். அதே சின்னஞ்சிறு உயிர்களைத் தேடி, பூமியில் வாழ்ந்தவற்றுள் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கலமே குளிர்காலத்தில் லொரேத்தோ பக்கம் வருகிறது. நம் படகு 10 மீட்டர் நீளம் என்றால் பக்கத்தில் எழும் திமிங்கலம் 20 மீட்டருக்கு மேல். லா பாஸ் வளைகுடாவில் திமிங்கலச் சுறா. எஸ்பிரித்து சாந்தோ தீவின் வடக்கே லோஸ் இஸ்லோத்தேஸ் பாறைகளில் கடற்சிங்கக் கூட்டம். அதன் குட்டிகள் நீந்துபவர்களின் காற்துடுப்பைக் கவ்வி இழுத்து விளையாடும். 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த வளைகுடாவின் 244 தீவுகளையும் திட்டுகளையும் கரைப்பகுதிகளையும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது, இங்கே 891 மீனினங்கள் இருப்பதாகவும் அவற்றுள் 90 வேறெங்கும் இல்லை என்றும் பதிவு செய்தது.

இங்கே படகில் வந்து படித்தவர்களுள் புகழ்பெற்றவர்கள் இருவர். 1940இல் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கும் ஒரு மத்தி மீன்பிடிக் கப்பலை வாடகைக்குப் பிடித்து, ஆறு வாரங்கள் இக்கடலில் சுற்றி, பாறைக் குட்டைகளில் வாழும் உயிர்களைச் சேகரித்தார்கள். அவர்களின் வேலைநேரத்தைத் தீர்மானித்தது கடிகாரம் அல்ல, ஓதம். நீர் இறங்கியிருக்கும்போதுதானே குட்டைகள் வெளியே தெரியும்!

ஒத்ததிர்வுக் குழாய் 550 கி.மீ. நீளம்

இந்த ஓதத்தைப் பற்றித்தான் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அடங்காத வியப்பு. சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர். லா பாஸிலும் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். ஆனால் வளைகுடாவின் வடகோடியில் சான் பெலிப்பே ஊரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 6, 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காலையில் மிதந்த படகு உச்சிவேளையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். நடுவில் உள்ள சாந்தா ரொசாலியா பக்கத்திலோ, நாளுக்கு இருமுறை வரவேண்டிய ஓதம் அநேகமாக மறைந்தே போகிறது. ஒரே கடல், ஒரே நிலவு. ஏன் இந்த வேறுபாடு?

ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுத் தம்பச் சோதனை செய்தவர்களுக்கு விடை கையிலேயே இருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயில் இசைக்கவையின் ஒலி திடீரென ஓங்குவது, காற்றுத் தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காகும்போது. மூடிய முனையில் காற்றின் அசைவு சுழி. அழுத்த மாற்றமோ அங்கே உச்சம். வளைகுடாவின் வடகோடி அந்த மூடிய முனை. இசைக்கவைக்குப் பதிலாகப் பசிபிக் பெருங்கடலின் ஓதம். அதன் அலைவுக் காலம் 12 மணி 25 நிமிடம். அழுத்தத்துக்குப் பதிலாக நீர்மட்டம். வடகோடியில் நீர்மட்ட மாற்றம் உச்சம். கால் அலைநீளம் தள்ளி, சாந்தா ரொசாலியா அருகே, சுழி.

ஒரு சிறு கணக்கும் போடலாம். அந்தக் கால் அலைநீளம் படத்தில் அளந்தால் ஏறத்தாழ 550 கி.மீ. அலை அதைக் கடக்க எடுக்கும் நேரம் அலைவுக் காலத்தில் கால்பங்கு, அதாவது 3 மணி 6 நிமிடம். எனவே வேகம் மணிக்குச் சுமார் 177 கி.மீ., அல்லது விநாடிக்கு 49 மீட்டர். நீண்ட அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம். 49ஐ வர்க்கமாக்கி 9.8ஆல் வகுத்தால் 245 மீட்டர் கிடைக்கிறது. வளைகுடாவின் வடபகுதி, மணல்திட்டுகளும் தீவுகளுக்கிடையே ஆழமான கால்வாய்களும் கலந்தது. அதற்கு இந்தச் சராசரி பொருந்தாத விடை அல்ல. கயிறும் குண்டும் இறக்காமல் நிலவைக் கொண்டே கடலின் ஆழத்தை அளந்துவிட்டோம்!

இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்த மீன் ஒன்று வடகோடியில் இருக்கிறது. வளைகுடா குரூனியன் என்ற, விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய வெள்ளி மீன். இளவேனிலில் அமாவாசை, பௌர்ணமிப் பெருஓதம் உச்சத்தை எட்டியபின், ஆயிரக்கணக்கில் அலையோடு மணலுக்கு ஏறிவந்து முட்டையைப் புதைத்துவிட்டு அடுத்த அலையில் திரும்பிவிடும். பின்வரும் நாட்களில் ஓதம் ஒவ்வொரு நாளும் தாழ்ந்துகொண்டே போவதால் முட்டையை அலை தொடுவதில்லை. வெயில் பட்ட ஈரமணல் அடைகாக்கிறது. இரண்டு வாரம் கழித்து அடுத்த பெருஓதம் வந்து மணலைக் கலைக்கும்போது முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன.

வாக்கீட்டா

இதே வடகோடியில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு கடற்பாலூட்டி வாழ்கிறது. வாக்கீட்டா என்று பெயர். ஓங்கிலின் நெருங்கிய உறவு, சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அறிவியல் இதற்குப் பெயரிட்டதே 1958இல்தான். 1997இல் எடுத்த கணக்கில் அறுநூறுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை பத்து அல்லது அதைச் சுற்றிய எண்ணிக்கைதான். இதன் பொருட்டே 2019இல் யுனெஸ்கோ இந்த வளைகுடாவை ஆபத்திலுள்ள சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது.

யாரும் வாக்கீட்டாவைப் பிடிக்க வலை விரிப்பதில்லை. தொத்துவாபா என்ற பெரிய மீனுக்கு விரிக்கிறார்கள். அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் பெருவிலை. 1975 முதலே அதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டும், களவு நிற்கவில்லை. செவுள்வலையில் சிக்கும் வாக்கீட்டா மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகிறது. 2017இல் சிலவற்றைப் பிடித்துப் பாதுகாக்கலாம் என்று ஓர் அறிவியல் குழு முயன்றது. பிடிபட்ட பெண் விலங்கு ஒன்று அதிர்ச்சியில் இறந்துவிடவே முயற்சி கைவிடப்பட்டது. 2022 முதல் அவை வாழும் பகுதியின் கடலடியில், வலையைச் சிக்கவைக்கும் கொக்கிகளுடன் கூடிய காங்கிரீட் கட்டைகளை இறக்கியிருக்கிறார்கள். ஊரே சேர்ந்து நின்றால் கடல் மீள்கிறது என்பதற்கு இதே வளைகுடாவின் தென்முனையில் சான்று உண்டு. காபோ புல்மோவில் 1995இல் மீன்பிடிப்பைத் தடுத்துப் பூங்கா ஆக்கினார்கள். மீனவக் குடும்பங்களே காவல் இருந்தன. 1999க்கும் 2009க்கும் இடையே அங்கே மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. வடகோடியில் அவ்வாறு நடக்கவில்லை. அங்கே வலையை விட்டால் வேறு பிழைப்பு என்ன என்ற கேள்விக்கு இன்னும் சரியான விடை கொடுக்கப்படவில்லை.

என் வகுப்பில் அதே மாணவர் மறுபடியும் எழுந்தார். "ஓங்கில் எதிரொலியைக் கொண்டு வழியறியும் என்றீர்களே, வலை எதிரே இருப்பது அதற்குத் தெரியாதா?"

இதற்கும் கணக்கு உண்டு. வாக்கீட்டா எழுப்பும் ஒலித்துடிப்பின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 1,30,000. நம் காதின் எல்லை 20,000. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர் என்று கொண்டால் அலைநீளம் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வலையின் நைலான் இழையோ அதைவிட மிக மெல்லியது. அலைநீளத்தைவிட மெல்லிய பொருளிலிருந்து எதிரொலி வலுவாகத் திரும்பாது. ஈரமான நைலானின் அடர்த்தியும் நீரின் அடர்த்திக்கு நெருங்கியதே. மீனின் எதிரொலி தெளிவாகக் கேட்கிறது. அதைச் சூழ்ந்த வலை கிட்டத்தட்ட மௌனம். அதே துடிப்பொலியைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் இன்று எஞ்சியவற்றைத் தேடுகிறார்கள். கடலில் பல இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை மிதவையில் கட்டி மாதக்கணக்கில் விட்டுவைத்து, பின்னர் எடுத்து, அந்த 1,30,000 எங்கேனும் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில கருவிகளில் இன்னும் பதிகிறது.